காலுக்குக் கீழே யாருடைய நாடு

விருந்தாளிகள் விமானத்தை விட்டு இறங்கும்போது ஊர் உலகமெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்க்கும். கம்பளக்காரர் காலைப் பார்ப்பார். வெளியுறவு அமைச்சகத்தில் கம்பளம் விரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். வருகிறவர் எந்த நாட்டு அதிபர், எந்த நாட்டு மந்திரி என்பதெல்லாம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் குதிகாலை ஊன்றி நடக்கிறவர் கொடுக்க வந்தவர், நுனிக்காலில் நடக்கிறவர் கேட்க வந்தவர் என்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். அமைச்சகத்தில் படித்தவர்கள் எழுதுகிற ஆய்வறிக்கையும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் சரியாக இருக்கும் என்பதால் அவர் கணிப்பை யாரும் குறை சொன்னதில்லை.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரே ஒரு சுருக்கத்தால் வேலையை இழந்தவர். ஏதோ ஒரு நாட்டு மந்திரியின் மனைவியுடைய குதிகால், கம்பளத் துண்டுகள் சேர்கிற மூட்டில் விழுந்த சுருக்கத்தில் மாட்டி, அந்த அம்மாள் அத்தனை கேமராக்களுக்கும் முன்னால் மண்டியிட்டு விழுந்துவிட்டார். அதோடு அந்த நாட்டுடன் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்கூட இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததில்லை என்று அமைச்சகத்தில் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். காலியான இடத்துக்கு, ஜன்னல் திரைகளைத் துவைத்து மாட்டிக்கொண்டிருந்த நம் ஆளை இழுத்துப் போட்டார்கள். துணிதானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றல்ல என்பதை அவர் கம்பளத்தோடு மல்லுக்கட்டித்தான் தெரிந்துகொண்டார். அதன் மயிரை வருகிறவர் பக்கமாகவே வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேமராவில் சிவப்பு கறுத்துத் தெரியும். ஓரத்துக்குள் இரும்புச் சங்கிலி வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடுபாதைக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தியக்காரர்கள் தலையில் போடும். இது போதாதென்று 'வால்' என்று ஒன்று உண்டு. காரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தரையில் கோடு போட்டிருந்தாலும், எந்த ஓட்டுநரும் கோட்டில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவார். கம்பளத்துக்கும் கார்க் கதவுக்கும் நடுவே வெறும் தரை பல்லை இளிக்கும். அதற்காகக் கம்பளக்காரரின் காலடியில் ஒரு சின்னத் துண்டு எப்போதும் சுருட்டித் தயாராக இருக்கும். கார் நின்றதும் குனிந்து ஒரு தட்டுத் தட்டினால் அது உருண்டு போய்க் கதவடியில் விரிந்து நிற்கும். அதுதான் வால். பார்க்கிறவர்களுக்குக் கம்பளம் ஆதியிலிருந்தே அவ்வளவு நீளம் என்றுதான் தோன்றும்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மதிப்பில்லை. "ஊருக்கெல்லாம் விரிக்கிற மனுஷன், தான் படுத்த போர்வையை மடிக்க மாட்டாரு" என்றுதான் அவர் மனைவி சொந்தபந்தங்களிடம் அவரை அறிமுகம் செய்வார். இருவரும் அமைச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற அரசாங்கக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். வீட்டில் கம்பளம் கிடையாது. கால்மிதி ஒன்று இருந்தது, அதுவும் கோணலாகத்தான் கிடக்கும்.

யாருக்கு விரிக்கிறோம் என்று அவர் கேட்டதே இல்லை. கம்பளத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பது அவர் கொள்கை. கொள்கை என்றால் யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துவிட வேண்டாம். யோசிக்காமல் இருப்பதற்குக் கிடைத்த ஒரு நல்ல வாக்கியம், அவ்வளவுதான். பல நாடுகள் சேர்ந்து ஒரு நீதிமன்றம் அமைத்தன. கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றவன் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், கையெழுத்துப் போட்ட எந்த நாட்டு மண்ணில் கால் வைத்தாலும் அந்த நாடு அவனைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கையெழுத்து விழாவுக்கும் கம்பளம் விரித்தவர் இவர்தான். மந்திரி கண் கலங்கப் பேசினார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மனித குலத்துக்கு அது ஒரு புதிய விடியல் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கம்பளக்காரருக்கு அந்த விழாவில் நினைவிருப்பதெல்லாம் யாரோ கம்பளத்தில் காப்பியைக் கொட்டியதுதான்.

கம்பளங்கள் அமைச்சகத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு கிடங்கில் இருந்தன. கம்பளி வாடையும் பூச்சி உருண்டை வாடையும் சேர்ந்து மண்டையைப் பிளக்கும். அங்கே அவருக்குத் துணை ஒரு தையல்காரி. ஓரம் அடிப்பது, மூட்டுத் தைப்பது, கிழிசல் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வந்தவள். பாஷை ஒன்றுதான், இழுத்துப் பேசுவதில் மட்டும் வேறுபாடு தெரியும். அங்கே அவள் புருஷன் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் ராணுவ லாரிகள் வந்து அந்த ஊர் ஆண்களைக் கடைத்தெருவில் வரிசையாக நிறுத்தி ஏற்றிக்கொண்டு போயின. ஒரு மணி நேர விசாரணை, முடிந்ததும் அனுப்பிவிடுவோம் என்றார்கள். திரும்பி வந்தது லாரிகள் மட்டும்தான். அவள் இதைக் கம்பளக்காரரிடம் ஒரே ஒரு தடவை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் 'ச்சு' கொட்டினார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த லாரிகளை அனுப்பிய தளபதி பிறகு அந்த நாட்டுக்கே அதிபரானார். நீதிமன்றம் அவர் மேல் பிடியாணை போட்டது. கொஞ்ச காலம் கழித்து அவர் நாட்டில் பூமிக்கடியில் எரிவாயு கிடைத்தது. பிடியாணை போட்ட செய்தி பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது. எரிவாயு முதல் பக்கத்தில் வந்தது. நம் அரசாங்கம் அறத்தை ஒரு தட்டிலும் அடுப்பை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, அவரை இரண்டு நாள் விருந்தாளியாக அழைத்தது.

அழைத்த பிறகுதான் சிக்கல் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. வருகிறவரைப் பிடிக்காவிட்டால் சட்டத்தை மீறியதாகும், பிடித்தால் எரிவாயு கிடைக்காது. அமைச்சகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பளக்காரரையும் கூப்பிட்டார்கள். அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த நீள மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி, முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டிலைத் திறந்தால் சத்தம் வருமோ என்று பயந்து கடைசிவரை அதைத் தொடவே இல்லை.

கூட்டத்தில் பேசியவர் சட்ட ஆலோசகர். தங்கமான மனிதர், கோபமே வராது. சாயங்காலங்களில் கல்லூரியில் நாடுகளுக்கிடையே அறம் என்ற பாடம் நடத்துபவர். நாடுகளுக்கு அறம் உண்டா என்று ஒரு தடித்த புத்தகமும் எழுதியிருக்கிறார். உண்டு என்பதுதான் அதன் முடிவாம், முடிவு வரை படித்தவர்கள் யாரும் அகப்படவில்லை. ஒரு தூதரகம் எந்த ஊரில் இருந்தாலும் அதற்குள் உள்ளூர்ப் போலீஸ் நுழைய முடியாது, அங்கே இருக்கிற நாற்காலி முதல் கம்பளம் வரை அந்த நாட்டின் உடைமை, அதன் மேல் யாரும் கை வைக்க முடியாது என்று அவர் விளக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விருந்தாளி நடக்கிற கம்பளம் அவருடைய தூதரகத்தின் உடைமையாக இருந்தால் என்ன என்று கேட்டார். இரண்டு நாளும் அந்தக் கம்பளத்தை விட்டு இறங்காவிட்டால், அவர் கால் நம் மண்ணில் பட்டதாகவே ஆகாது. கார் தூதரகத்தினுடையது. ஓட்டலில் ஒரு மாடி முழுவதும் தூதரகம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற தரைக்கெல்லாம் கம்பளம்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கம்பளக்காரருக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் சட்டத்தை மீறிவிடக் கூடாதே என்று இப்படித் தவிக்கிறார்களே, நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டார். படிக்கட்டு இருக்கிறதே என்றார் ஒருவர். லிஃப்ட் என்றார் இன்னொருவர். குளியலறை என்று ஓர் அம்மாள் மெல்லிய குரலில் கேட்டார். எல்லோரும் கம்பளக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடியும் சார்" என்றார் அவர். "அளவெடுத்து வெட்டி, மூட்டே தெரியாம தைச்சுப் போட்டுரலாம். இண்டு இடுக்கு விடாம போட்டுரலாம்."

உபசாரப் பிரிவின் தலைமை அதிகாரி, ஒருநாளும் அவர் பக்கம் திரும்பாதவர், அன்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கம்பளக்காரர் தரையில் கால் படாமல்தான் கிடங்குக்கு இறங்கி வந்தார். அளவு, வளைவு, லிஃப்டின் மூலை என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவர், கிடங்குக் கதவைத் திறந்து தையல்காரியின் முதுகைப் பார்த்த பிறகுதான் வருகிறவன் யார் என்பதையே யோசித்தார். வேறு யாரிடமாவது தைக்கக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தார். வேறு யாரும் இல்லை.

தூதரகத்திலிருந்து சுருள் சுருளாகக் கம்பளம் வந்து இறங்கியதும் இது யாருக்கு என்று அவளே கேட்டாள். அவர் பூசி மெழுகப் பார்த்தார், யாரோ விருந்தாளி என்றார். அவள் சுருளின் அடியில் ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்தாள். அவள் நாட்டு முத்திரை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார், கூட்டத்தில் பேசியது, கம்பளம் எதற்கு என்பது உட்பட. தான் "முடியும்" என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. வெகுநேரம் கம்பளத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

"நல்லா தைக்கட்டுமா அண்ணே, சுமாரா தைக்கட்டுமா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டைக் கொஞ்சம் தளர விட்டால் போதும், குதிகால் மாட்டும், ஆள் குப்புற விழுவான். அவருடைய இத்தனை வருஷத்துப் பேரும் கூடவே விழும். எப்போதும் தைப்பதுபோலத் தை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே பதிலும் சொன்னாள்.

"நல்லாவே தைக்கிறேன். விழுந்தா எந்திரிச்சு, தட்டி விட்டுக்கிட்டுப் போயிருவான். அவன் விழுறது எனக்கு வேணாம். கோர்ட்டுல நிக்கணும். நின்னு, எங்க வீட்டுக்காரரை எந்த இடத்துல புதைச்சான்னு வாயத் தொறந்து சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

அந்த நீதிமன்றத்தின் ஆட்கள் நகரத்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் அங்கே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிடியாணைக்கு அடியில் கிடந்த சாட்சிகளில் அவளும் ஒருத்தி. அந்தப் பிடியாணைக்கு மேலே விரிக்கப்போகிற கம்பளத்தை இப்போது அவளே தைத்தாள். அவள் கையிலிருந்து அவ்வளவு சுத்தமான தையல் அதுவரை வந்ததில்லை. கம்பளக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "கம்பளம் அவங்களோடது, சரி. அவன் ரெண்டு நாளும் இழுத்து விடுற காத்து யாரோடதாம்? அதையும் சிலிண்டர்ல கொண்டு வர்றானா?" என்று கேட்டார். சட்ட ஆலோசகர் அந்தக் கேள்விக்கும் ஏதாவது வைத்திருப்பார் என்று கம்பளக்காரருக்குத் தோன்றியது, என்ன என்றுதான் தெரியவில்லை. ஆனால் அதே மூச்சில் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். ஓய்வு பெறப்போகிற நேரம், பென்ஷனில் கை வைத்துவிடப் போகிறார்கள், இந்த வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள், ஏடாகூடமாக எதையும் செய்து வைக்காமல் விரித்தோமா சுருட்டினோமா என்று வரப் பாருங்கள். இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. நியாயம் ஒன்றே ஒன்று என்று நினைப்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள்.

விருந்தாளி வந்த அன்று வெயிலும் காற்றும் சமமாக இருந்தன. வாத்தியக்காரர்கள், பூங்கொத்துடன் குழந்தைகள், மந்திரி, தலைமை அதிகாரி, சட்ட ஆலோசகர், கைவிலங்கு வைத்திருக்க வேண்டிய இடத்தில் கைக்குட்டை வைத்திருந்த காவல்துறைத் தலைவர், எல்லோரும் கம்பளத்துக்கு வெளியே நம் மண்ணில் நின்றார்கள். விமானத்தின் படிக்கட்டுக்குக் கீழே தொடங்கி வளைந்து வந்த கம்பளம், கார் நிற்க வேண்டிய கோட்டில் முடிந்தது. முடிகிற இடத்தில் கம்பளக்காரர், அவர் காலடியில் வால்.

கதவு திறந்தது. கம்பளக்காரர் வழக்கம்போலக் காலைத்தான் பார்த்தார். சின்னக் கால்கள், பளபளவென்ற கறுப்புக் காலணி. குதிகாலும் ஊன்றவில்லை, நுனிக்காலும் இல்லை. கம்பளத்துக்கு நட்ட நடுவே, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து வந்தன. யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், எது நடந்தாலும் இதை விட்டு இறங்கிவிடாதே என்று. அவர் நிமிர்ந்து முகத்தையும் பார்த்தார். தலைக்குச் சாயம் பூசிய, தூக்கம் போதாத ஒரு சித்தப்பா முகம். இந்த முகத்திடமா அத்தனை லாரிகள் உத்தரவு வாங்கிக்கொண்டு போயின என்று இருந்தது. நேரில் பார்த்தால் பயம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கார் வந்தது. சரித்திரம் பொய்க்கவில்லை, கோட்டைத் தாண்டிப்போய்த்தான் நின்றது. கம்பளத்துக்கும் கதவுக்கும் நடுவே வெறும் தரை. தலைமை அதிகாரி புருவத்தை உயர்த்தினார். குனிந்து ஒரு தட்டுத் தட்ட வேண்டிய நேரம். கம்பளக்காரர் வாலின் மேல் தன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நேராக நின்றார். தைரியம் என்று அதற்குப் பேர் வைக்க முடியாது. பென்ஷன் ஞாபகம் வந்தது, மனைவி கரண்டியைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது, உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனால் குனியவில்லை. கீழே மண் இருக்கிறது, மேலே சட்டம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, போலீஸ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கம்பளம் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் தன்னால் நடந்துவிடும் என்று அந்த மனிதர் முழுமனதாக நம்பினார்.

விருந்தாளி ஓரத்துக்கு வந்து நின்றார். வாத்தியம் முழங்கிக்கொண்டே இருந்தது. மந்திரி சிரித்த முகமாகக் கையை நீட்டி வாங்க வாங்க என்றார். விருந்தாளி தரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு வலது காலை எடுத்துக் கீழே வைத்தார். வைத்தவர், கொதிக்கிற தண்ணீரில் வைத்துவிட்டவர்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காவல்துறைத் தலைவரைத்தான் பார்த்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. இவ்வளவு பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர் கம்பளக்காரர் ஒருவர்தான்.

காவல்துறைத் தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேகத்தைப் பார்த்தார். அன்று மேகமே கிடையாது. சட்ட ஆலோசகர் குனிந்து தன் காலணியின் கயிற்றைச் சரிபார்த்தார். மந்திரியின் கை நீட்டியபடியே இருந்தது, சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. விருந்தாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்க அவர் உதட்டுக்கு ரத்தம் திரும்பியது. மறுபடியும் காலைக் கீழே வைத்தார். இந்தத் தடவை குதிகாலை நன்றாக ஊன்றி வைத்தார். சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல வெறும் தரையில் நடந்து, காரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், பூங்கொத்துக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் அவர் கம்பளத்தைச் சட்டை செய்யவே இல்லை. புல்வெளியில் நடந்தார், படகுத்துறைக்குப் போனார், ஒரு மரக்கன்றுகூட நட்டார். மண்ணை அவர் கையாலேயே அள்ளிப் போட்டார். எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. எரிவாயு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கும் கைதட்டினார்கள்.

தலைமை அதிகாரி கம்பளக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். கம்பளக்காரர் இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்றார். இந்த வயதில் பிடிக்காதா பின்னே என்று அதிகாரி விட்டுவிட்டார். எதுவும் கெட்டுப்போகவில்லையே, எதற்காகக் கோபப்படுவது? அந்த அலட்சியம்தான் கம்பளக்காரருக்குப் பொறுக்கவில்லை. தண்டனை கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், ஏதோ செய்தோம் என்றாவது தோன்றியிருக்கும். வெளியே வராந்தாவில் சட்ட ஆலோசகரைப் பார்த்தபோது மனது கேட்காமல் வழிமறித்துக் கேட்டுவிட்டார்.

"சார், அவரு கால் நம்ம மண்ணுல பட்டுச்சே. நானே பாத்தேன்."

ஆலோசகர் பரிவோடு சிரித்தார். "ஓடுபாதை கணக்குல வராதுப்பா. பாஸ்போர்ட்டுல முத்திரை குத்துற வரைக்கும் ஆள் நாட்டுக்குள்ள வந்ததாவே அர்த்தம் இல்ல."

"முத்திரை குத்துனாங்களா சார்?"

"அதிபருக்கெல்லாம் யாருப்பா முத்திரை குத்துவாங்க?"

"அப்ப கம்பளம் எதுக்கு சார்?"

"மரியாதைக்கு" என்றார் ஆலோசகர். "விருந்தாளி இல்லையா?" சாயங்கால வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

கம்பளக்காரர் கிடங்குக்கு இறங்கினார். படியில் இரண்டு தடவை நின்றார். தையல்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. உள்ளே போய், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல ஆரம்பித்தவருக்கு அழுகை வந்துவிட்டது. வயதான மனிதர் கம்பளச் சுருள்களுக்கு நடுவே நின்று அழுதால் பார்க்க நன்றாக இருக்காது. அவள் பார்க்காததுபோல நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஓய்ந்த பிறகுதான் பேசினாள்.

"டிவியில நேரடியா காட்டினாங்க. அவன் காலை இழுத்துக்கிட்டான், பாத்தீங்களாண்ணே?"

பார்த்தேன் என்றார்.

"இத்தன வருஷமா ராத்திரி பகலா நான் மட்டும்தான் பயந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். அவனும் பயந்துக்கிட்டுதான் இருந்திருக்கான். மறந்தவன் காலை இழுக்க மாட்டாண்ணே. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்க புதைச்சோம்னு ஞாபகம் இருக்கு." அவள் நூற்கண்டை மேசையில் வைத்தாள். "நாளைக்கு எனக்கு லீவு வேணும். வாக்குமூலம் வாங்குற அந்த ரூமுக்குப் போய் இதையும் எழுதி வச்சுக்கோங்கன்னு சொல்லணும்."

கம்பளக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லீவு கொடுப்பதில் ஒன்றும் சிரமமில்லை. வாயைத் திறந்தவர் அதைச் சொல்லவில்லை. "அந்தக் கூட்டத்துல எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தாங்கம்மா" என்றார். "எல்லாரும் வாயடைச்சு நின்னப்ப, முடியும் சார்னு சொன்னது நான்தான். உன்கிட்ட அன்னைக்கு அதை மறைச்சுட்டேன். என்னெல்லாம் பேசுனாங்க, யாரு யாரு இருந்தாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். நானும் வர்றேன்."

பென்ஷன் என்ன ஆகும் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை. அவள் கேட்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப காலையில வெள்ளனவே வந்துருங்கண்ணே" என்றாள். "அங்க வரிசை ரொம்பப் பெருசா இருக்கும்."